பழைய 2.5 டீசல் இன்னோவா: டொயோட்டா என்ற பேருக்காகக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

பானஸ்வாடி_7சீட்:

வணக்கம். பெங்களூரில் 7 சீட் வண்டி தேடுகிறோம், செகண்ட் ஹேண்ட்தான். மாதம் ஒருமுறை சேலம், வருஷத்துக்கு இரண்டு தடவை திருநெல்வேலி, மற்ற நாளெல்லாம் அவுட்டர் ரிங் ரோடு நெரிசல். 2013, 2014 மாடல் இன்னோவா 2.5 டீசலுக்கு, அதே வயதுள்ள வேறு கம்பெனி வண்டியைவிட ரொம்பக் கூடுதலாகச் சொல்கிறார்கள். ஏன் என்றால் "டொயோட்டா சார், கண்ண மூடிட்டு வாங்கலாம்" என்பதே பதில். இந்தப் பேர் எங்கிருந்து வந்தது, இன்றைக்கும் செல்லுமா? வண்டியைப் பார்க்கப் போனால் எதை எதைத் தோண்ட வேண்டும்? டெல்லி நம்பர் வண்டி ஒன்று விலை குறைவாக வருகிறது, அதைத் தொடலாமா?

ஜெயநகர்_4வது_பிளாக்:

பேர் எங்கிருந்து வந்தது என்பதற்கு மட்டும் நான் சொல்கிறேன். இன்ஜின் பக்கம் ஸ்பேனர் அண்ணன் வருவார்.

இது தறியில் தொடங்கிய குடும்பம். சாகிச்சி டொயோடா 1924இல் முடித்த ஜி வகைத் தானியங்கித் தறியில் நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும். கெட்ட துணியை முழம் முழமாக நெய்து தள்ளாது. அதன் உரிமத்தை 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸுக்கு 1 லட்சம் பவுண்டுக்குக் கொடுத்தார்கள். மகன் கீச்சிரோ காருக்கு வந்தார். 1935இல் வெளிவந்த ஜி1 லாரி அடிக்கடி வழியில் நின்ற வண்டி. 1936இல் ஏஏ கார், 1937இல் டொயோட்டா மோட்டார் தனிக் கம்பெனி. "டொயோடா" "டொயோட்டா" ஆனதற்குக் காரணம், ஜப்பானிய எழுத்தில் பின்னதுக்கு எட்டே கோடு போதும். எட்டு அங்கே ராசியான எண்.

1950இல் கம்பெனி மூழ்கும் நிலை. ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம், கீச்சிரோ ராஜினாமா. அதே ஜூன் மாதம் கொரியப் போர் மூண்டு, அமெரிக்க ராணுவத்தின் லாரி ஆர்டர் வந்ததால் பிழைத்தது. கிடங்கில் சரக்கை நிரப்பி வைக்கக் காசில்லாத இந்தக் கம்பெனியில்தான் தைச்சி ஓனோ, தேவைப்படும் பாகம் தேவைப்படும் நேரத்தில் மட்டும் வரவேண்டும் என்ற முறையை வளர்த்தார். கூடவே தறியின் பாடமும் அசெம்பிளி லைனுக்கு வந்தது: குறை கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம். 1957இல் கிரவுன் காரை அமெரிக்காவுக்கு அனுப்பி, அங்கத்திய ஹைவே வேகத்துக்கு அது ஈடுகொடுக்காமல், 1960இல் நிறுத்தினார்கள். 1966இல் கொரோலா வந்தது. நம்பகத்தன்மை என்ற பேர் இந்த அடிகளுக்கு அப்புறம்தான் ஒட்டியது.

மறுபக்கமும் உண்டு. 2009, 2010இல் கால்மிதியில் மாட்டிக்கொள்ளும் ஆக்சிலரேட்டர், ஒட்டிக்கொள்ளும் பெடல் என்று லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அதை மறைத்துப் பேசியதற்காக 2014இல் அமெரிக்க அரசுக்கு 120 கோடி டாலர் கட்டினார்கள். 2023 டிசம்பரில் துணைக் கம்பெனி டைஹட்சு பாதுகாப்புச் சோதனையில் செய்த தில்லுமுல்லு 64 மாடல் வரை போனது. 2024 ஜனவரியில் டீசல் இன்ஜின் பவர் சான்றிதழில் முறைகேடு வெளியாகி, இங்கே இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ் அனுப்புவதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தார்கள்.

நம் ஊர்ப் பேர் இது எதனாலும் வரவில்லை, டாக்ஸிக்காரர்கள் வாங்கிக் கொடுத்தது. பெங்களூர் பக்கத்து பிடதி ஆலையில் 1999 கடைசியில் உற்பத்தி, 2000 ஜனவரியில் குவாலிஸ். இந்தோனேசியாவில் டொயோட்டா விற்ற பழைய கிஜாங் வண்டிதான் அது. வரும்போதே கிழட்டு வடிவம். ஆனால் ஏணி மாதிரி இரும்புச் சட்டமான லேடர் ஃபிரேம், பின்னால் பட்டை ஸ்பிரிங், டர்போ இல்லாத 2.4 டீசல். கெட்டுப்போக அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோதே அதை நிறுத்திவிட்டு 2005இல் இன்னோவாவைக் கொண்டுவந்தார்கள். ஆக, பேர் இருப்பது இந்த மாதிரி ஃபிரேமுக்கும் இன்ஜினுக்கும். சின்னத்துக்கு இல்லை. டொயோட்டா கிளான்சா என்பது மாருதி பலேனோ, ரூமியான் என்பது மாருதி எர்டிகா. குவாலிஸ் சம்பாதித்த பேருக்காக அவற்றுக்கும் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

ஸ்பேனர்_21:

2கேடி-எஃப்டிவி இன்ஜின், 2494 சிசி, 102 பிஎஸ். ஒழுங்காக ஆயில் மாற்றினால் 4, 5 லட்சம் கி.மீ. அலுங்காமல் ஓடும். ஆனால் அதைக் கொல்லும் ஒரு நோய் உண்டு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இன்ஜெக்டர் உட்காரும் இடத்தில் செம்பு வாஷர் இருக்கும். அது தேய்ந்து கசிந்தால் எரிந்த புகை மேலே ஏறி வால்வ் கவருக்குள் ஆயிலோடு கலக்கும். ஆயில் தார் மாதிரி கெட்டியாகி, சம்ப் என்ற இன்ஜினின் ஆயில் தொட்டியின் அடியில் ஆயில் உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் வலையை அடைக்கும். ஒருநாள் ஹைவேயில் ஆயில் பிரஷர் விழுந்து பேரிங் போகும், டர்போ போகும். கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவர் கண்ணைத் திறப்பது அப்போதுதான்.

கண்டுபிடிக்கும் வழி: வண்டி ஆறியிருக்க வேண்டும். போனதும் பானட்டில் கை வையுங்கள்; சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். பிளாஸ்டிக் கவரைக் கழற்றி நான்கு இன்ஜெக்டரைச் சுற்றியும் பாருங்கள். கறுப்பு பிசின், ஈரம் இருக்கக் கூடாது. ஸ்டார்ட் செய்து, சூடாகும் முன் காதைக் கொடுத்தால் "சிக் சிக்" என்று காற்று தப்பும் சத்தம் கேட்கும். பிறகு ஐடிலில் ஆயில் மூடியைக் கழற்றித் தலைகீழாக அந்த வாயிலேயே வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. தூக்கி எறிந்தால், புகை குபுகுபுவென்று வந்தால், பிளோ-பை, அதாவது எரிந்த வாயு ஆயில் பக்கம் கசிகிறது: ரிங் தேய்ந்திருக்கிறது அல்லது இன்ஜெக்டர் சீட் கசிகிறது. டிப் ஸ்டிக்கில் ஆயில் கறுப்பாக இருப்பது டீசலுக்குச் சகஜம். விரலில் தேய்த்தால் நறநறவென்றோ பிசினாகவோ இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். சந்தேகம் இருந்து விலையும் கட்டுப்படியானால், வாங்கிய வாரமே சம்ப்பைக் கழற்றி வலையைச் சுத்தம் செய்து, நான்கு வாஷரையும் புதிதாகப் போடுங்கள். கழற்றிய வாஷரைத் தட்டி நிமிர்த்தித் திரும்பப் போடுகிற மெக்கானிக்கிடம் கொடுக்காதீர்கள்.

ஸ்கேனர் வைத்திருப்பவர் யாரையாவது கூட்டிப் போங்கள். இன்ஜின் சூடான பிறகு ஐடிலில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் ஃபீட்பேக் அளவும் (ஐடிலைச் சமமாக்க வண்டியின் கம்ப்யூட்டர் கூட்டிக் குறைக்கும் டீசல்) பிளஸ் மைனஸ் 3க்குள் இருந்தால் நிம்மதி. 5ஐத் தாண்டிய இன்ஜெக்டருக்குச் செலவு காத்திருக்கிறது. ஐடில் ஏறி இறங்கினாலோ, சிக்னலில் வேகம் குறைக்கும்போது அணைந்தாலோ, ஸ்கேனரில் பி1229 என்ற பிழைக் கோட் வந்தாலோ, பம்ப்பே போச்சு என்று சொல்வார்கள். பெரும்பாலும் பம்ப்பின் மேல் இருந்து டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் எஸ்சிவி வால்வுதான். அதையும் டீசல் ஃபில்டரையும் மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் பம்ப்பைத் தொட வேண்டும்.

டைமிங் பெல்ட். இதில் செயின் இல்லை, பெல்ட். அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும், ஹெட் வேலை. மேனுவலில் சொன்ன கி.மீ. வந்ததும் டேஷ்போர்டில் டி-பெல்ட் விளக்கு எரியும். ஆனால் பெல்ட்டை மாற்றாமலே அந்த விளக்கை ரீசெட் செய்துவிடலாம். அதனால் விளக்கு எரியவில்லை என்பது எதற்கும் சாட்சி இல்லை. பில் இருந்தால் நம்புங்கள். இல்லாவிட்டால் பெல்ட், டென்ஷனர், ஐட்லர் பேரிங் மூன்றும் சேர்த்து மாற்றும் செலவை இப்போதே விலையில் கழித்துப் பேசுங்கள். பெல்ட் மட்டும் மாற்றிப் பழைய பேரிங்கை விட்டால், பேரிங் இறுகி புது பெல்ட்டையும் அறுக்கும்.

புகையின் நிறம் சீக்கிரம் சொல்கிறேன். காலை ஸ்டார்ட்டில் வெள்ளையும் டீசல் வாடையும் சேர்ந்து நிற்காமல் வந்தால் இன்ஜெக்டர் ஒழுகல். ஐந்து நிமிஷம் ஐடிலில் விட்டு ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் நீலம் என்றால் டர்போ சீல் அல்லது வால்வ் சீல். கறுப்பு என்றால் முதலில் ஏர் ஃபில்டர், அப்புறம் புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் இஜிஆரில் படிந்த கரி.

அடியில்: முன் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், ரேக் எண்ட் மூன்றும் நம் ஊர் ஸ்பீட் பிரேக்கருக்குத் தேயும், பிரேக் பிடிக்கும்போது "தொம்" என்றால் புஷ். கிளட்ச் விடும்போது பின்னால் "டக்" என்றால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ். 70, 80 வேகத்தில் ஊளையிட்டால் டிஃபரென்ஷியல். இதெல்லாம் பேரம் பேசத்தான், வண்டியை ஒதுக்கத் தேவையில்லை. ஃபிரேமில் வெல்டிங் தெரிந்தால் மட்டும் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

ஓசூர்_ரோடு:

ஸ்பேனர் சொன்னதெல்லாம் சரி, ஆனால் அதற்கு முன் வண்டி யாருடையது என்று பாருங்கள். பெங்களூரில் இந்த வயது இன்னோவா ஏர்போர்ட்டுக்கும் ஐடி கம்பெனிகளுக்கும் ஓடி, பிறகு வெள்ளை போர்டுக்கு மாறியதாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட வண்டியில் 1.4 லட்சம் கி.மீ. என்பது ஓடோமீட்டரைச் சுற்றிவைத்த கணக்கு. பெயின்ட் அடிக்கலாம், சீட் கவர் மாற்றலாம். இவை மறையாது: கூரையில் கேரியர் திருகிய ஓட்டை, ஸ்பீட் கவர்னர் வெட்டி ஒட்டிய ஒயர், பம்பரில் ரிஃப்ளெக்டர் டேப் பிசின், நடுக் கதவின் உள்கைப்பிடி டிரைவர் பக்கத்தைவிட அதிகம் தேய்ந்திருப்பது. சொந்தக் குடும்ப வண்டியில் பின்சீட் கதவு அப்படித் தேயாது. பழைய இன்ஷூரன்ஸ் பாலிசி ஒன்றைக் கேளுங்கள், கமர்ஷியலா தனிநபரா என்று அதிலேயே இருக்கும்.

டெல்லி வண்டி: அங்கே 10 வருஷம் தாண்டிய டீசல் ஓடக் கூடாது என்று 2015இல் தடை வந்ததால்தான் விலை குறைந்தது. வண்டி கெட்டது என்று அர்த்தமில்லை. ரன்னிங் குறைவான நல்ல வண்டியும் வரும். ஆனால் டெல்லி ஆர்டிஓவின் என்ஓசி, அதாவது படிவம் 28இல் தரும் தடையில்லாச் சான்று, கையில் வராமல் பணம் கொடுக்காதீர்கள். இங்கே படிவம் 27இல் புது நம்பர், 29, 30இல் பெயர் மாற்றம், லோன் இருந்தால் பேங்க் கடிதத்தோடு 35. அதன்மேல் கர்நாடகா லைஃப் டாக்ஸ். வண்டியின் வயதையும் முதல் விலையையும் வைத்துக் கணக்குப் போடுவார்கள். விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும். 2013 வண்டிக்கு 15 வருஷம் 2028இல் முடியும், அப்போது எஃப்சி எடுத்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பானஸ்வாடி_7சீட்:

நன்றி எல்லாருக்கும். டெல்லி வண்டியை விட்டுவிடுகிறேன். இன்னும் கொஞ்சம் பணம் போட்டு கிரிஸ்டா எடுத்தால் இந்தத் தொல்லை இல்லையா அண்ணா?

ஸ்பேனர்_21:

2016இல் வந்த கிரிஸ்டா 2.4இல் டைமிங் செயின், அதனால் பெல்ட் கவலை போகும். 2020க்குப் பிந்தைய பிஎஸ்6 வண்டி என்றால் டிபிஎஃப், அதாவது புகையின் கரியைப் பிடிக்கும் ஃபில்டர், உண்டு. அது கரியை எரிக்க நிலையான வேகமும் சூடும் வேண்டும். சில்க் போர்டில் நின்று நின்று போகிற வண்டிக்கு அது கிடைக்காது. இதே குடும்பத்து இன்ஜின்களின் டிபிஎஃப் தகராறில் ஆஸ்திரேலிய கோர்ட் 2022இல் டொயோட்டாவுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. உங்களுக்கு மாதம் ஒருமுறை சேலம் போகிற பழக்கம் இருப்பதால் பெரும்பாலும் அந்த ஓட்டத்திலேயே எரிந்து சுத்தமாகிவிடும். டிபிஎஃப் விளக்கு எரியும்போது சாவியை அணைக்காமல், மேனுவலில் சொன்னபடி ஓட்டி முடியுங்கள்.

உங்கள் ஓட்டத்துக்கு டிபிஎஃப் இல்லாத 2017, 2018 கிரிஸ்டா பொருந்தும். அதற்குப் பணம் எட்டாவிட்டால் பில்லோடு இருக்கிற 2.5. பில் இல்லாத 2.5க்கு என்ன விலை சொன்னாலும் பெல்ட் செட், நான்கு வாஷர், ஸ்ட்ரெய்னர் சுத்தம், எஸ்சிவி இந்த நான்கையும் கழித்துவிட்டுப் பேச உட்காருங்கள்.

ஓசூர்_ரோடு:

காலை ஏழு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆறரைக்கே போய்விடுங்கள். பானட் சூடாவதற்குள் போய்ச் சேரலாம்.