மறு: ‘ஸ்டார்ம் சர்ஜ்’ – ‘புயல் அலை’ வேண்டாம்

> ‘புயல் அலை’ என்றே வைத்துக்கொள்ளலாமே. எளிது, எல்லாருக்கும் புரியும்.

புயலின்போது கடல்மட்டமே உயர்ந்து ஊருக்குள் வருவதை ஆங்கிலத்தில் ‘ஸ்டார்ம் சர்ஜ்’ (storm surge) என்கிறார்கள். அதற்கான தமிழ்ச்சொல் பற்றியதே இது. ‘புயல் அலை’ புரியும் ஐயா, ஆனால் தவறாகப் புரியும். என் கவலை அதுதான்.

2013 நவம்பர் 8 அன்று ஹையான் புயல் பிலிப்பைன்ஸைத் தாக்கியது. கடல் 7 மீட்டர் வரை எழலாம் என்று அந்நாட்டு வானிலைத் துறை முன்பே எச்சரித்திருந்தது. ஆனால் ‘ஸ்டார்ம் சர்ஜ்’ என்ற சொல் தக்லோபான் நகரில் பலருக்கும் விளங்கவில்லை. சுனாமி போல வரும் என்றிருந்தால் ஓடியிருப்போம் என்று பிழைத்தவர்கள் பிறகு சொன்னார்கள். காற்றைத் தாங்கும் என நம்பிக் கடலோரக் கட்டடங்களில் ஒதுங்கியவர்கள் தரைத்தளத்திலேயே மூழ்கினார்கள். அரசுக் கணக்குப்படியே நாட்டில் இறந்தவர்கள் 6,300 பேர்.

அலை வந்து மோதித் திரும்பும். ஸ்டார்ம் சர்ஜோ கடல்மட்டமே உயர்ந்து ஊருக்குள் வந்து நிற்பது. அலைகள் அதற்கு மேலே தனியாக அடிக்கும். காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) குறைந்தால் கடல் சுமார் 1 செ.மீ. உயரும். வழக்கமான அழுத்தம் சுமார் 1,013. ஹையானின் மைய அழுத்தம் 895 என்று கொண்டாலும் இதனால் ஏறுவது 1 மீட்டர் சொச்சம்தான். மீதி, காற்று தள்ளிய தண்ணீர். தக்லோபானை ஒட்டிய சான் பெட்ரோ விரிகுடா ஆழமற்றது, உள்ளே போகப் போகக் குறுகுவது. அதனால் தண்ணீர் குவிந்துவிட்டது.

‘அலை’ என்றால் இன்னொரு பிழையும் வரும். கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்தி மரம் நட்டால் போதும் என்று தோன்றிவிடும். அலையாத்திக் காடு அலையை நன்றாகவே தணிக்கும். ஆனால் உயர்ந்து வரும் நீர்மட்டத்தை, ஒரு கிலோமீட்டர் அகலக் காடுகூட அரை மீட்டருக்குள்தான் குறைக்கும்.

‘புயல் எழுச்சி’ என்றால் புயலே எழுவதாகக் கேட்கும். ‘ஓதம்’ கடல் ஏறுவதைக் குறிக்கும் அழகான பழஞ்சொல். இன்று சுவர் ஈரத்தைத்தான் நினைவூட்டும்.

என் பரிந்துரை ‘புயல் கடற்பெருக்கு’. ஆற்றுப்பெருக்கு என்றதும் தண்ணீர் ஏறி நிற்பது கண்ணில் தெரிகிறதல்லவா, அதே பொருள்தான் இங்கும். இலங்கையில் கடலின் ஏற்ற இறக்கத்துக்கு வற்றுப்பெருக்கு என்ற வழக்கும் உண்டு.

‘ஸ்டார்ம் டைட்’ (storm tide) வேறு. அது இந்தப் பெருக்கோடு அன்றாடக் கடலேற்றமும் சேர்ந்த மட்டம். இதோடு கலக்கக் கூடாது. பெருக்கு 3 மீட்டர், அந்த நேரக் கடலேற்றம் 0.6 மீட்டர் என்றால் கரைக்கு வருவது 3.6. அதற்குப் ‘புயல்கால நீர்மட்டம்’ போதும்.

சொல்லின் விளக்கத்தில் ஓர் எடுத்துக்காட்டும் சேர்க்க வேண்டுகிறேன்: வழக்கமான கடல்மட்டத்துக்கு மேல் நீர்மட்டம் 5 மீட்டர், தரை 2 மீட்டர் உயரம் என்றால் வீட்டுக்குள் 3 மீட்டர் தண்ணீர், முதல் மாடிக்குக் கீழே எவரும் இருக்கக் கூடாது.