நாய்களைக் கந்தோருக்குக் கூட்டிவர விதிமுறை எழுதியவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இயங்கும் சிறிய மென்பொருள் கந்தோர் எங்களுடையது. வெள்ளிக்கிழமைகளில் வளர்ப்பு நாய்களைக் கூட்டிவர அனுமதி கேட்டுச் சிலர் கையெழுத்திட்டுத் தந்திருக்கிறார்கள். (வெள்ளி என்றால் பாதிப் பேர் விரதம், நல்லூரில் கும்பிட்டுவிட்டு நேரே வருபவர்கள். கிழமையை முதலில் மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டேன்.) அமெரிக்காவில் 1999 முதல் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் இதற்கென்றே ஒரு நாள் இருக்கிறதாம், அதுதான் அவர்களுடைய வாதம். அங்கே சரி. இங்கே ஒழுங்கையைத் தாண்டுவதற்குள் தெருநாய்கள் வழிமறிக்குமே!

என் முதல் கவலை விசர்நோய். ஆண்டுதோறும் தடுப்பூசி போட்ட அட்டையும் உள்ளூராட்சி சபையின் பதிவும் இல்லாத நாய் படியேறக் கூடாது, அதில் விட்டுக்கொடுப்பில்லை. அடுத்தது வெயில். நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிக்கும். மின்சாரம் நின்றால் எங்கள் தகரக்கூரை அறை அடுப்பாகிவிடும்.

நாய்க்குப் பயந்த ஒரு தங்கச்சியும் எங்களோடு வேலை செய்கிறார். வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார். அவரைக் காட்டிக்கொடுக்காமல் இதை எப்படி ஒழுங்கு செய்வது? யாராவது இரகசிய வாக்கெடுப்பு வைத்துப் பார்த்தீர்களா? கடித்துவிட்டால் செலவு யாருடையது என்று எழுதி வாங்கும் படிவம் இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். கொக்குவில், நல்லூர்ப் பக்கம் வீட்டுக்கே வந்து ஊசி போடும் கால்நடை வைத்தியர் இருந்தாலும் சொல்லுங்கள். திங்கட்கிழமை கூட்டத்தில் நான் பதில் சொல்லியாக வேண்டும்.