கார் ஏசி ஓடுது, ஆனா சூட்டுக் காற்றுதான் வருது

கேள்வி: டெம்பரேச்சர் நாபை முழுக்க நீலத்துக்குத் திருப்பினாலும் அனல் காற்று. கம்ப்ரசர் ஓடுது. நாப் மட்டும் லூசா சுத்துது. கேஸ் நிரப்பணுமா?

பதில் 1: வேண்டவே வேண்டாம். கேஸ் குறைஞ்சா வெளிக்காற்றோட சூடுதான் வரும், அனலா அடிக்காது. நாப் லூசுன்னா, அதை ஹீட்டர் பெட்டியோட இணைக்கிற கேபிள் கழண்டிருக்கும். கிளவ் பாக்ஸைக் கழட்டி டார்ச் அடிச்சுப் பாருங்க. இன்னொருத்தர் நாபைத் திருப்பட்டும். ஹீட்டர் பெட்டி ஓரத்து லிவர் அசையலைன்னா அதேதான். சில வண்டியில லிவர் டிரைவர் கால் பக்கம் இருக்கும். கையால தள்ளுங்க, காற்று குளிர்ந்தா கேபிளைக் கொக்கியில மாட்டி, புது கிளிப் போட்டா போதும்.

பதில் 2: லிவர் முழுசா நகர்ந்தும் சூடு குறையலைன்னா உள்ளே சூட்டுக் காற்றையும் குளிர் காற்றையும் கலக்குற கதவு உடைஞ்சிருக்கலாம். ஆட்டோமேட்டிக் ஏசியில, கேபிளுக்குப் பதிலா அந்தக் கதவை நகர்த்துற ஆக்சுவேட்டர் மோட்டாரைப் பாருங்க. டாஷ்போர்டுக்குள்ள டிக் டிக்னு சத்தம் கேட்டா பல்சக்கரம் போயிருக்கும்.

பதில் 3: காலையில முதல் ஸ்டார்ட்ல ஜில்லுன்னு வந்து, எஞ்சின் சூடானதும் அனலா மாறுதான்னும் கவனிங்க. மாறினா ஏசி சரி, ஹீட்டர் பக்கம்தான் கோளாறு.