பிபிசி லைசென்ஸ் கட்டணம்: 2027க்குப் பிறகும் எல்லோரும் கட்ட வேண்டுமா?

ஹாரோ வாசி:
பிபிசி எப்படி இயங்க வேண்டும் என்று வரையறுக்கும் இப்போதைய அரச சாசனம் 2027 டிசம்பர் 31 அன்று முடிகிறது. அடுத்த சாசனம் எப்படி இருக்க வேண்டும் என்ற பேச்சு தொடங்கிவிட்டது. பிரிட்டனில் வாழும் தமிழர்களான நாமும் இந்த நாட்டில் வரி கட்டுகிறவர்கள், ஓட்டுப் போடுகிறவர்கள். அதனால் இங்கே கேட்கிறேன்.

என் கருத்து: டிவி பார்க்கும் வீடுகள் பிபிசிக்காகக் கட்டும் லைசென்ஸ் கட்டணம் போக வேண்டும். 2025 ஏப்ரலில் அது வருடத்துக்கு 174.50 பவுண்டு ஆனது. வங்கி மேலாளருக்கும் அதே தொகை, அந்த வங்கியைக் கூட்டிப் பெருக்குகிறவருக்கும் அதே தொகை. பிபிசி பக்கமே போகாமல் தனியார் சேனலான ஐடிவியில் நேரலையாக ஒரு ஆட்டம் பார்த்தாலும் கட்டியாக வேண்டும். கட்டாமல் பார்த்தால் கிரிமினல் குற்றம், ஆயிரம் பவுண்டு வரை அபராதம். இங்கிலாந்தில் இந்த வழக்குகளில் பெரும்பாலானவற்றை ஒரே ஒரு மாஜிஸ்ட்ரேட், திறந்த நீதிமன்றம் இல்லாமல், காகிதத்தைப் பார்த்தே முடித்துவிடுகிறார். 2019 நிலவரப்படி தண்டனை பெற்றவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் பெண்கள். பகலில் கதவைத் தட்டும்போது வீட்டில் இருப்பது பெரும்பாலும் அவர்கள்தானே.

இவ்வளவும் எதற்காக? நடுநிலையான செய்திக்காக என்றார்கள். டிரம்ப் 2021 ஜனவரி 6 அன்று பேசிய பேச்சில், முக்கால் மணி நேரத்துக்கும் மேல் இடைவெளி விட்டுச் சொன்ன இரண்டு பகுதிகளைப் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி ஒன்றாக ஒட்டிக் காட்டியது. அது வெளியே வந்ததும் 2025 நவம்பரில் தலைமை இயக்குநர் டிம் டேவியும் செய்திப் பிரிவுத் தலைவர் டெபோரா டர்னஸும் பதவி விலகினார்கள். வேண்டியவர்கள் சந்தா கட்டிப் பார்க்கட்டும். மற்றவர்களை விட்டுவிடுங்கள்.

செல்வி, கார்டிஃப்:
அண்ணா, அந்த மாஜிஸ்ட்ரேட் விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். ஏழைப் பெண்களைக் குற்றவாளியாக்கி ஒரு பொது நிறுவனம் நடக்கக்கூடாது. ஆனால் வசூலிக்கும் முறை கெட்டது என்பதற்காக நிறுவனத்தையே சந்தாவுக்குத் தள்ளுவது எப்படிச் சரியாகும்?

முதலில் நடைமுறை. ரேடியோ கேட்க 1971 முதல் லைசென்ஸே வேண்டாம். ரேடியோ 4, உள்ளூர் ரேடியோ, ஏஷியன் நெட்வொர்க் எல்லாம் டிவி வைத்திருப்பவர்கள் கட்டும் பணத்தில்தான் ஓடுகின்றன. காரில் கேட்கும் ரேடியோவுக்கு எப்படிப் பூட்டுப் போடுவீர்கள்? ஆன்டெனாவில் இலவசமாக வரும் ஃப்ரீவியூ வழியாகப் பார்க்கும் வீடுகளிலும் கட்டியவர், கட்டாதவர் என்று பிரிக்க இப்போது வழி இல்லை.

அடுத்தது எனக்கு நெருக்கமான விஷயம். வேல்ஸ் மொழிக்குத் தனி சேனல் தருவதாகச் சொல்லிவிட்டு தாட்சர் அரசு பின்வாங்கியது. 1980இல் வேல்ஸ் தேசியவாதத் தலைவர் க்வின்ஃபர் எவன்ஸ் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பேன் என்று அறிவித்தார். உண்ணாவிரதம் தொடங்கும் முன்பே அரசு இறங்கி வந்தது. 1982 நவம்பர் 1 அன்று எஸ்4சி என்ற அந்த சேனல் ஒளிபரப்பைத் தொடங்கியது. இன்று அதன் பொதுப் பணம் லைசென்ஸ் கட்டணத்திலிருந்து வருகிறது. 2021 கணக்கெடுப்பில் வேல்ஸ் மொழி பேசுவதாகச் சொன்னவர்கள் சுமார் 5,38,000 பேர். சந்தா என்று வந்தால், இத்தனை பேருக்காக நாடகமும் செய்தியும் குழந்தைகள் நிகழ்ச்சியும் யார் எடுப்பார்கள்? இங்கிலாந்தின் கெண்ட்டில் இருப்பவரும் கட்டுவதால்தான் வேல்ஸின் கார்மார்தனில் ஒரு குழந்தை தன் மொழியில் கார்ட்டூன் பார்க்கிறது. இந்த நாடு ஒரு நாடாக இருப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

ஹாரோ வாசி:
எஸ்4சிக்குப் பொது வரியிலிருந்து கொடுக்கலாமே. பள்ளிக்கூடத்துக்கு அப்படித்தானே கொடுக்கிறோம்? 2010க்கு முன்பு அதன் பணத்தில் பெரும்பங்கு அரசிடமிருந்துதான் வந்தது. வருமானத்துக்கு ஏற்ற வரி என்றால் நான் சந்தோஷமாகக் கட்டுவேன்.

கிளாஸ்கோ குமரன்:
இரண்டு பேருமே ஒரு விஷயத்தைத் தாண்டிப் போகிறீர்கள். ‘இந்த நாடு ஒரு நாடாக’ என்கிறார் செல்வி. எந்த நாடு? ஸ்காட்லாந்து சுதந்திரம் பற்றிய 2014 பொது வாக்கெடுப்புக்குச் சில நாள் முன்னால், கிளாஸ்கோவின் பசிஃபிக் கீயில் பிபிசி ஸ்காட்லாந்து அலுவலகத்துக்கு வெளியே பெரிய கூட்டம் கூடிக் குரல் எழுப்பியது. வாக்கெடுப்புச் செய்தி ஒருபக்கமாக இருக்கிறது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அந்தக் கோபம் இங்கே இன்னும் ஆறவில்லை. கல்வியும் சுகாதாரமும் எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் கையில், ஒளிபரப்பு மட்டும் லண்டனில் உள்ள வெஸ்ட்மின்ஸ்டரின் கையில். செய்தியில் ‘தேசிய சுகாதார சேவையில் மாற்றம்’ என்று சொல்லும்போது அது இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்துவது என்று பல நேரம் நாமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. ஹாரோ அண்ணா சொன்ன வழக்கு எல்லாம் பெரும்பாலும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும்தான். ஸ்காட்லாந்தில் வழக்குத் தொடுப்பதா என்று அரசு வழக்கறிஞர்தான் முடிவெடுக்கிறார். லைசென்ஸுக்காக வழக்கு நீதிமன்றம் வரை போவது மிகவும் அரிது. அதனால் இங்கே பிபிசி மூடப்படவில்லையே. கிரிமினல் சட்டம் இல்லாவிட்டால் எல்லாம் சரிந்துவிடும் என்று லண்டனில் சொல்பவர்கள் வடக்கே கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம்.

பழைய நேயர்:
பிள்ளைகள் பேசுவதை வாசித்துக்கொண்டு இருந்தேன். நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன். யுத்த காலத்தில் இலங்கை அரசு வானொலி ஒன்றைச் சொல்லும், இயக்கத்தின் வானொலி இன்னொன்றைச் சொல்லும். இரவானால் ஊரே பிபிசியின் தமிழ் வானொலியான தமிழோசைக்குக் காத்திருக்கும். மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிக் கேட்ட வீடுகள் எத்தனையோ. 1941இல் தொடங்கிய அந்த வானொலி 2017 ஏப்ரலோடு நின்றது. தமிழ்ச் சேவை இப்போது இணையத்தில் இருக்கிறது.

இதை நான் பழங்கதையாகச் சொல்லவில்லை. அந்தச் செய்தியை ஏன் நம்பினோம்? லண்டனில் இருக்கிற அரசையே பிபிசி எதிர்த்துக் கேள்வி கேட்கும் என்று தெரியும். ஈராக் யுத்தச் செய்தி தொடர்பான ஹட்டன் அறிக்கை 2004இல் வந்தபோது தலைவரும் தலைமை இயக்குநரும் பதவி போய் வெளியேறினார்கள். அரசோடு மோதி அடிவாங்கும் ஊடகம் என்றால் அது அரசின் ஊதுகுழல் இல்லை என்று எங்களுக்குப் புரிந்தது. ஹாரோ தம்பி, நீங்கள் சொல்கிற பொது வரியில் எனக்குப் பயம் அதுதான். நிதியமைச்சர் ஒவ்வொரு பட்ஜெட்டிலும் பணத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்றால், அமைச்சரைக் கேள்வி கேட்கும் துணிச்சல் எத்தனை நாளைக்கு இருக்கும்?

ஹாரோ வாசி:
ஐயா, உங்கள் அனுபவத்துக்கு முன்னால் நான் சிறியவன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். லைசென்ஸ் கட்டணம் இருந்ததால் அமைச்சர்களின் கை கட்டப்பட்டிருந்ததா? 2010இல் சில நாட்களில், மூடிய கதவுக்குப் பின்னால், கட்டணத்தை 145.50 பவுண்டில் ஆறு வருடம் உறைய வைத்தார்கள். அதோடு வெளியுறவு அமைச்சகம் கொடுத்துக்கொண்டிருந்த உலக சேவையின் செலவையும் பிபிசி தலையில் வைத்தார்கள். 2014 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. 2015இல் மறுபடியும் அதே மாதிரி ஒரு பேரம்: 75 வயதைத் தாண்டியவர்களின் இலவச லைசென்ஸ் பொறுப்பு பிபிசிக்கு. அந்தச் சுமையைத் தாங்க முடியாமல் 2020 ஆகஸ்டில் குறைந்த வருமான முதியோருக்கான பென்ஷன் கிரெடிட் உதவித்தொகை வாங்குபவர்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். கெட்ட பெயர் பிபிசிக்கு, மிச்சமான பணம் அரசுக்கு.

அப்புறம் பிபிசி தலைவர் நியமனம். ரிச்சர்ட் ஷார்ப்பை அரசுதான் நியமித்தது. போரிஸ் ஜான்சனுக்கு 8 லட்சம் பவுண்டு கடன் வசதி ஏற்பாட்டில் தனக்கு இருந்த தொடர்பை முறையாக வெளிப்படுத்தவில்லை என்று விசாரணை சொன்னதும் 2023 ஏப்ரலில் ராஜினாமாவை அறிவித்தார். சுதந்திரம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

செல்வி, கார்டிஃப்:
இதுதான் சரியான கேள்வி அண்ணா. நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் அமைச்சர்கள் தலையிட்ட கதை. அதற்கு மருந்து அமைச்சர்களை விலக்குவதுதான். சந்தா எப்படி மருந்தாகும்? ஜெர்மனியைப் பாருங்கள். 2013 முதல் வீட்டுக்கு ஒரு கட்டணம், டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும். 2021இல் அது மாதம் 18.36 யூரோ ஆனது. அரசு உதவித்தொகையில் வாழ்பவர்கள் விலக்குக் கேட்கலாம். எவ்வளவு தேவை என்று கணக்குப் பார்த்துப் பரிந்துரைப்பது ஒரு தனி ஆணையம். இங்கேயும் அப்படி ஒன்று வரட்டும். உள்ளாட்சிக்குக் கட்டும் கவுன்சில் வரியைப் போல வீட்டின் மதிப்புக்கேற்ப அடுக்கடுக்காக வைத்தால் வங்கி மேலாளரும் கூட்டுபவரும் ஒரே தொகை கட்ட வேண்டியதில்லை.

சந்தா வந்தால் பிபிசி யாருக்காக நிகழ்ச்சி எடுக்கும்? பணம் கட்டுகிறவர்களுக்காக. ஹாரோ கவுன்சில் கூட்டத்தில் என்ன முடிவெடுத்தார்கள் என்ற செய்திக்கு யாரும் சந்தா கட்ட மாட்டார்கள். பிரிட்டன் முழுக்கக் கவுன்சில்களைக் கவனிக்க உள்ளூர்ப் பத்திரிகைகளில் சுமார் 165 நிருபர்களுக்குப் பிபிசி பணம் கொடுக்கிறது. 2021 ஜனவரியில் பள்ளிகள் மூடியபோது பாடங்களை டிவியில் ஒளிபரப்பினார்கள். லேப்டாப் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! அந்த வீடு சந்தா கட்டியிருக்குமா?

கிளாஸ்கோ குமரன்:
வீட்டுக் கட்டணத்துக்கு நான் சம்மதிப்பேன், ஸ்காட்லாந்தில் வசூலாகும் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்று ஸ்காட்லாந்தில் முடிவெடுத்தால். ஆறு மணிச் செய்தி லண்டனிலிருந்து வருகிறவரை, இது எங்கள் நிறுவனம் என்று என் பிள்ளைகளுக்கு நான் எப்படிச் சொல்வது? அவர்கள் யூட்யூபுக்குப் போய்விட்டார்கள். பிரிட்டனில் அதிகம் பார்க்கப்படுவதில் பிபிசிக்கு அடுத்த இடம் யூட்யூபுக்கு என்று ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் 2025இல் ஓர் அறிக்கையில் சொன்னது. ஐடிவி அதற்குக் கீழே.

பழைய நேயர்:
அதே அறிக்கையில் முதலிடம் இன்னும் பிபிசிக்குத்தான், தம்பி. யூட்யூபில் யார் சொல்வது உண்மை என்று பிரித்துப் பார்க்க முடியாத காலம் இது. எல்லோரும் ஒரே செய்தியைப் பார்த்து அதன்மேல் சண்டை போட ஒரு பொது இடம் வேண்டும். வதந்தி ஒன்றே செய்தியாக இருந்த ஊரில் வாழ்ந்தவன் சொல்கிறேன்.

ஹாரோ வாசி:
வீட்டு மதிப்புக்கேற்ற கட்டணம், தனி ஆணையம் என்றால் பேச இடம் இருக்கிறது, செல்வி. ஆனால் அதை நம்புவதற்கு முன் ஒன்றை நான் கண்ணால் பார்க்க வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் பார்ப்பது குற்றம் என்பது 2003ஆம் ஆண்டு தகவல் தொடர்புச் சட்டத்தில் இருக்கிறது, சாசனத்தில் இல்லை. அதை நீக்க 2027 வரை காத்திருக்க வேண்டாம், நாடாளுமன்றத்தில் ஒரு திருத்தம் போதும். 2020இல் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள், 2021 ஜனவரியில் இப்போதைக்கு வேண்டாம் என்று மூடி வைத்தார்கள். அதை முதலில் எடுக்கட்டும். அதுவரை என் ஓட்டு சந்தாவுக்குத்தான்.