கறிவேப்பிலைக்கு வேம்பு சொந்தமில்லீங்க

போன ஆடியில் எங்க அவிநாசி வீட்டுக் கிணத்தடிக் கறிவேப்பிலைச் செடியை எதுவோ மொட்டையடித்திருந்தது. தேடினால் இலைமேல் குருவி எச்சம்தான் தெரிந்தது. தட்டிவிட விரலை நீட்டினேன், எச்சம் நகர்ந்தது. புழு! பக்கத்துக் காம்பில் இன்னொன்று, பச்சையாய், பெரிசாய். ஈர்க்குச்சியால் தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் கவட்டை மாதிரிக் கொம்பு நீண்டது, கூடவே காட்டமான வாடை.

அம்முச்சி எட்டிப் பார்த்து, "எலுமிச்சையில வர்ற புழுவாச்சே கண்ணு. போன வருசம் நம்ம வில்வத்துலயும் இதேதான் இருந்துச்சு" என்றார்.

அந்தப் பேச்சுதான் என்னைத் தேடவைத்தது. எலுமிச்சை, நாரத்தை, வில்வம், விளா, கறிவேப்பிலை எல்லாமே ரூட்டேசி என்ற ஒரே குடும்பம். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி பெரும்பாலும் இந்த மரங்களாகப் பார்த்துத்தான் முட்டையிடுகிறது. இதில் எந்த இலையையும் வெயிலுக்கு நேரே பிடியுங்கள். ஊசி குத்தினது போலப் பொடிப்பொடியாய் வெளிச்சப் புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ப் பைகள். கசக்கினால் மணப்பது அதனால்தான். வேப்பிலையையும் பிடித்துப் பார்த்தேன், ஒரு புள்ளி இல்லை. பேரில்தான் வேம்பு.

மருந்தடிக்காமல் பச்சைப் புழுவை விட்டுவைத்தேன். இடுப்பில் நூல் கட்டிக் கிளையில் சாய்ந்தபடி கூட்டுப்புழுவானது. ஒரு காலையில் கருப்பில் மஞ்சள் திட்டுகளோடு வெளியே வந்து, சிறகு உலரும்வரை காம்பிலேயே தொங்கியது. அது பறந்து போகிறவரை அம்முச்சி செடிக்குத் தண்ணி ஊத்த விடவில்லை.

இதைப் படித்துவிட்டுக் காரமடையிலிருந்து ஒரு வாசகர்:
நாங்க செங்காம்பு ரகக் கறிவேப்பிலை பயிர் பண்றோமுங்க. புழுவைக் கையில பொறுக்கிடலாம். கொழுந்தில் சாறு உறிஞ்சுற சின்னப் பூச்சிதான் பெருந்தொல்லை, தளிர் சுருண்டு போயிடும். எலுமிச்சையிலும் அதே பூச்சிதான் வரும். கறிவேப்பிலைக்குப் பக்கத்துல எலுமிச்சை வைக்க எங்க அப்பாரு ஒத்துக்கவே மாட்டாரு. ஏன்னு இன்னைக்குத்தான் விளங்குச்சு.

சத்தியமங்கலத்திலிருந்து இன்னொரு வாசகர்:
மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கிற ஒரு பெரியவர் முள்ளு மரம் ஒன்றைக் காட்டி "குருந்து" என்றார். மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் குருந்தடியில் உபதேசம் பெற்றதைச் சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கேன், மரத்தை அன்றுதான் பார்த்தேன். கோலிக்குண்டு அளவு காய், எலுமிச்சையின் குட்டி மாதிரி. நோட்டுக்குள் வைத்திருந்த அதன் இலையை இப்போது ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். காய்ந்த பிறகும் புள்ளிகள் இருக்குதுங்க.