தாவர பர்கர் மாட்டிறைச்சி பர்கருக்கு ஈடாகுமா?

செங்காங் வாசகி கேட்கிறார்:
எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சமைப்பதில்லை. தேசிய சேவையில் இருக்கும் மகன் நண்பர்களோடு அதைச் சாப்பிட்டுப் பழகி, வார இறுதியில் வீட்டுக்கு வரும்போது அதே சுவையைக் கேட்கிறான். பேரங்காடியில் உறைய வைத்து விற்கும் தாவர பர்கர் துண்டு, சுவையிலும் சத்திலும் இறைச்சிக்கு எவ்வளவு நெருங்கி வருகிறது? சுத்த சைவமான என் மாமியாரும் அதைச் சாப்பிடலாமா?

உட்லண்ட்ஸ் சமையற்காரர்:
இரண்டையும் அன்றாடம் கல்லில் போடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். 2019 மார்ச்சில் சிங்கப்பூருக்கு வந்த, இம்பாசிபிள் என்ற நிறுவனத்தின் தாவரத் துண்டில் சோயாப் புரதத்தோடு, சோயா வேர் முடிச்சுகளில் உள்ள லெக்ஹீமோகுளோபின் என்ற இரும்புச்சத்துள்ள புரதமும் சேர்கிறது. மரபணு மாற்றிய ஈஸ்ட்டைக் கொண்டு உருவாக்கப்படும் இப்பொருள்தான், பச்சையாக இருக்கும்போது சிவப்பையும் சூடேறும்போது இறைச்சி மணத்தையும் தருகிறது. பியாண்ட் மீட் என்ற மற்றொரு நிறுவனத்தின் துண்டில் பட்டாணிப் புரதமும் பீட்ரூட் சாறும் உண்டு. ஆனால் மாட்டுக் கொழுப்பு மெதுவாக உருகி ஓரங்களை மொறுமொறுப்பாக்குவதுபோல், இம்பாசிபிள் துண்டில் சேரும் தேங்காயெண்ணெய் செய்வதில்லை. அது சீக்கிரமே வழிந்துவிடுவதால், சற்று அதிகம் வெந்தாலும் துண்டு வறண்டுபோகும். பன், வெங்காயம், சீஸ் ஆகியவற்றோடு கடிக்கும்போது பலருக்கு வேறுபாடு தெரிவதில்லை. தனியாகத் தின்றால் பயறு வாடை மெல்லத் தலைகாட்டும்.

உணவியல் படித்தவர்:
தாவரம் என்பதாலேயே உடலுக்கு நல்லது என்று பலர் நம்பிவிடுவது எனக்குக் கவலை தருகிறது. இம்பாசிபிளின் 2019ஆம் ஆண்டு வடிவத்தில் 113 கிராமுக்கு ஏறத்தாழ 240 கலோரி, 19 கிராம் புரதம், 8 கிராம் நிறைகொழுப்பு (நிறைவுற்ற கொழுப்பு), 370 மில்லிகிராம் சோடியம் இருந்தன. அதே எடையுள்ள, 20 விழுக்காடு கொழுப்பு கொண்ட பச்சை மாட்டிறைச்சியில் புரதமும் நிறைகொழுப்பும் கிட்டத்தட்ட அதே அளவுதான்; கலோரி சற்றுக் கூடுதல், சோடியமோ உப்பிடுவதற்கு முன் 75 மில்லிகிராம் அளவே. கொலஸ்ட்ரால் இல்லாதது தாவரத் துண்டின் தெளிவான மேன்மை. 2020இல் வெளிவந்த ஸ்டான்ஃபர்ட் ஆய்வில், 36 பேர் எட்டு வாரம் இறைச்சியும் எட்டு வாரம் தாவர இறைச்சியும் உண்டபோது, தாவர உணவுக் காலத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் குறைந்திருந்தது. அதற்கு நிதி தந்தது பியாண்ட் மீட் நிறுவனம் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். மகனுக்கு எப்போதாவது கொடுங்கள். அவித்த கொண்டைக்கடலைக்கு மாற்றாக அன்றாடம் வேண்டாம்.

ஈசூன் வாசகர்:
மாமியாரைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். இறைச்சியற்றது என்று விற்கப்படும் எல்லாமே நம் சைவத்துக்குள் அடங்கிவிடாது. பூஞ்சைப் புரதத்தில் செய்யப்படும் குவோர்ன் நிறுவனப் பொருள்களில் பலவற்றைப் பிணைப்பது முட்டையின் வெள்ளைக்கரு. மயோனைசிலும் முட்டை உண்டு. சில பன்களிலும் அது சேரும். ஆகவே துண்டின் பொட்டலத்தோடு மற்றவற்றின் பொட்டலங்களையும் படித்துப் பாருங்கள். கடையில் வாங்குவதாக இருந்தால், இறைச்சி வாட்டும் அதே கல்லில்தான் தாவரத் துண்டையும் வாட்டுகிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது அவசியம். வீட்டில் தனிச் சட்டியில் செய்து, மயோனைசுக்குப் பதில் புதினாச் சட்னி தடவிக் கொடுத்தால் அவரும் மனநிறைவோடு சாப்பிடுவார்.