பெஷியர் மீண்டும் வென்ற 2023 தேர்தல்: கென்டக்கியில் வாழும் எங்கள் அனுபவங்கள்

பெர்ரி கவுண்டியிலிருந்து ஒரு மருத்துவர்

கென்டக்கி மாநிலத்தின் கிழக்கு மலைப்பகுதியில், ஹேசர்ட் நகரத்தை ஒட்டிய ஒரு சிறிய மருத்துவ மையத்தில் பொது மருத்துவராகப் பணிபுரிகிறேன். உள்ளூரில் மருத்துவர் கிடைக்காத இந்த மலைகளுக்கு தாய்நாடு திரும்ப வேண்டும் என்ற விசா நிபந்தனையிலிருந்து விலக்குத் தரும் திட்டத்தின் கீழ் வந்து, ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் இங்கேயே தங்கிவிட்ட இந்திய மருத்துவர்கள் பலருள் நானும் ஒருத்தி. குடியுரிமை பெற்ற பிறகு, ஆளுநர் தேர்தலில் நான் முதன்முதலாக வாக்களித்தது 2023 நவம்பரில்தான். பதவியில் இருந்த ஆன்டி பெஷியர் இரண்டாம் முறையாகப் போட்டியிட்ட அந்தத் தேர்தலைப் பற்றி வெளியூர் நண்பர்கள் இன்னமும் வியப்போடு கேட்பதால், நேரில் கண்டவற்றை எழுதுகிறேன்.

அவர்களுடைய வியப்புக்குக் காரணம் இருக்கிறது. 2020 அதிபர் தேர்தலில் டிரம்ப் கென்டக்கியை ஏறத்தாழ 26 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் வென்றார். எங்கள் பெர்ரி கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு) அவருக்கு முக்கால் பங்குக்கும் மேல் வாக்குகள் விழுந்தன. பெஷியரோ ஜனநாயகக் கட்சிக்காரர். 2019-இல் குடியரசுக் கட்சியின் அப்போதைய ஆளுநர் மேட் பெவினை வெறும் 5,136 வாக்குகளில் தோற்கடித்துப் பதவிக்கு வந்தவர். எதிரில் நின்ற குடியரசுக் கட்சியின் டேனியல் கேமரன், மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலாக, அதாவது தலைமைச் சட்ட அலுவலராக இருந்தவர். டிரம்பின் வெளிப்படையான ஆதரவைப் பெற்றவர். கட்சிக் கணக்கை மட்டும் பார்த்தால் பெஷியர் தோற்றிருக்க வேண்டும்.

அந்தக் கணக்கு மாறத் தொடங்கியதை நான் கண்டது 2022 ஜூலை 28-ஆம் நாள் அதிகாலை வந்த வெள்ளத்துக்குப் பின்னர். மலைகளுக்கிடையே சமநிலம் குறைவு என்பதால் இங்கே வீடும் சாலையும் ஓடையும் ஒரே குறுகிய பள்ளத்தாக்கில் நெருங்கிக் கிடக்கின்றன. மேலே பெய்த மழை சில மணி நேரத்தில் அந்தப் பள்ளத்தாக்குகளை நிரப்பிவிட்டது. பெர்ரி, நாட், லெச்சர் உள்ளிட்ட கவுண்டிகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கடுத்த வாரங்களில் என் அறைக்கு வந்தவர்களில் பலர் இன்சுலினையும் மூச்சுக்கருவியையும் வீட்டோடு சேர்த்து இழந்தவர்கள். சேற்றில் இறங்கித் துப்புரவு செய்து காலில் புண்ணோடு வந்தவர்கள் இன்னும் பலர். புக்ஹார்ன் ஏரியை ஒட்டிய மாநிலப் பூங்கா விடுதியில் குடும்பங்கள் மாதக்கணக்கில் தங்கியிருந்தன.

மருத்துவ அறையில் நான் அரசியல் பேசுவதில்லை. நோயாளிகள் தாமாகப் பேசினால் கேட்டுக்கொள்வேன். சுரங்கத்தில் உழைத்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்ட ஒரு முதியவர், தம் வாழ்நாளில் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளருக்கு எப்போது கடைசியாக வாக்களித்தார் என்பதே நினைவில்லை என்று சொல்லிவிட்டு, ஆளுநர் தம் ஊருக்கு ஒருமுறை வந்து படம் எடுத்துக்கொண்டு போகவில்லை, திரும்பத் திரும்ப வந்தார் என்றார். நிவாரண நிதியிலிருந்து இறந்தவர்களின் அடக்கச் செலவு கொடுக்கப்பட்டதையும், சுரங்கம் வெட்டிச் சமதளமாக்கப்பட்டிருந்த மேட்டு நிலங்களில் புதிய வீடுகளுக்குத் திட்டமிட்டதையும் அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். நாட் கவுண்டியில் டால்கம் அருகேயுள்ள ஆலிவ் பிராஞ்ச், ஹேசர்டின் ஸ்கைவியூ ஆகியவை அப்படிப்பட்ட இடங்கள். வீடுகள் எழுவதற்குப் பிடித்த காலம் நீளமானது, அதைக் குறைகூறியவர்களும் என்னிடம் வந்தார்கள். ஆனால் வெள்ளம் மறுபடி எட்டாத உயரத்தில் வீடு கட்டவேண்டும் என்று ஓர் அரசு முடிவெடுத்ததே இம்மக்களுக்குப் புதிய அனுபவம்.

மருத்துவராக நான் எடைபோட்டது வேறு ஒன்றை. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டை 2014-இல் இம்மாநிலத்தில் விரிவாக்கியவர் பெஷியரின் தந்தை ஸ்டீவ் பெஷியர். அடுத்து வந்த பெவின், காப்பீடு வேண்டுமானால் மாதத்துக்கு இத்தனை மணி நேரம் வேலை செய்ததாகக் காட்டவேண்டும் என்ற விதியைக் கொண்டுவர முயன்றார், நீதிமன்றம் தடுத்தது. ஸ்டீவின் மகன் ஆன்டி பெஷியர் 2019 டிசம்பரில் பதவியேற்ற சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 2023 தொடக்கத்தில் பெரியவர்களுக்கும் பல், கண், செவி சிகிச்சைக்கான மெடிக்கெய்ட் உதவியை அவருடைய அரசு விரிவுபடுத்தியது. நாற்பது வயதுக்குள் பற்களை இழந்து, அதனாலேயே வேலைக்கான நேர்காணலுக்குப் போகக் கூசும் மனிதர்களை வாரந்தோறும் பார்க்கிறவள் நான். கேமரன் மீண்டும் வேலை விதியைப் பற்றிப் பேசியபோது என் வாக்கு எவருக்கு என்பது முடிவாகிவிட்டது.

பெர்ரியும் லெச்சரும் 2019-இல் பெவின் பக்கம் நின்ற கவுண்டிகள். 2023-இல் இரண்டுமே பெஷியருக்கு வாக்களித்தன. மாநில அளவில் சுமார் 67,000 வாக்குகள், ஐந்து புள்ளி வித்தியாசத்தில் அவர் வென்றார்.

ஜார்ஜ்டவுனிலிருந்து ஒரு பொறியாளர்

மருத்துவர் அக்காவின் பதிவை மதிப்போடு படித்தேன். வெள்ளத்தைப் பற்றி அவர்கள் எழுதியதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் கேமரனுக்கு வாக்களித்த தமிழர்களும் இங்கே இருக்கிறோம் என்பதால் எங்கள் தரப்பையும் சொல்ல விரும்புகிறேன். நான் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர்.

என் முடிவு 2020-இல் தொடங்கியது. அந்த ஆண்டு நவம்பரில் பள்ளிகளை எல்லாம் இணைய வகுப்புக்கு மாறும்படி ஆளுநர் உத்தரவிட்டபோது, படிக்கத் தொடங்கும் வயதிலிருந்த என் இளைய மகன் எழுத்துக்கூட்டுவதில் பின்தங்கினான். அதை ஈடுகட்ட நானும் மனைவியும் பட்ட பாடு கொஞ்சமல்ல. கொரோனாத் தொற்றின் தொடக்க மாதங்களில் மாலை 5 மணிக்கு ஆளுநர் தொலைக்காட்சியில் பேசுவதை நாங்களும் குடும்பமாக உட்கார்ந்து கேட்டோம். இறந்தவர்களின் நினைவாக வாசலில் பச்சை விளக்கும் ஏற்றினோம். 2020 மே மாதம் தலைநகர் பிராங்க்ஃபர்ட்டில் போராட்டக்காரர்கள் அவருடைய உருவப்பொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டதைக் கண்டு அருவருத்தவர்களில் நானும் ஒருவன். ஆயினும் ஒருவர் கையில் இவ்வளவு அதிகாரம் இவ்வளவு காலம் இருக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. அவசரகால அதிகாரத்தைச் சட்டமன்றம் வரையறுக்கலாம் என்று 2021 ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அந்த வழக்கை ஆளுநர் தரப்புக்கு எதிராக நடத்தியவர் கேமரன்.

தேர்தலுக்கு முன் லெக்சிங்டன் அருகே நடந்த ஒரு சிறு கூட்டத்தில் கேமரன் பேசுவதைக் கேட்டேன். மாநில வருமான வரியைப் படிப்படியாக நீக்குவது, தொற்றுக் காலத்தில் பிள்ளைகள் இழந்த படிப்பை ஈடுகட்டுவது ஆகியவற்றைப் பற்றித் தெளிவாகப் பேசினார். ஆனால் வீட்டுக்குத் திரும்பித் தொலைக்காட்சியைப் போட்டால் அவர் தரப்பு விளம்பரங்களில் அந்தப் பேச்சைக் காணமுடியவில்லை. திருநங்கை, திருநம்பிப் பிள்ளைகளைப் பற்றியும் அப்போதைய அதிபர் பைடனைப் பற்றியுமே அவை ஓயாமல் பேசின. எங்கள் தொழிற்சாலையில் உணவு இடைவேளையில் பேசிக்கொண்ட குடியரசுக் கட்சிக்காரர்கள்கூட, சாலைக்கும் பள்ளிக்கும் என்ன செய்வார் என்பதைச் சொல்லாமல் இதையே சொல்கிறாரே என்று சலித்துக்கொண்டார்கள். அதே வேளையில் பெஷியர், கிளெண்டேலில் எழுந்துகொண்டிருந்த ஃபோர்டு பேட்டரித் தொழிற்சாலைகளையும், ஒஹையோ ஆற்றின் மேல் பிரென்ட் ஸ்பென்ஸ் பாலத்துக்கு வந்த கூட்டரசு நிதியையும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். என் வேட்பாளர் தோற்றதற்கு இந்த வேறுபாடு ஒரு பெரிய காரணம் என்பது என் கருத்து.

அக்காவிடம் ஒரு கேள்வி. கென்டக்கியில் ஆளுநரின் மறுப்பாணையை (வீட்டோ) சட்டமன்றம் இரு அவைகளிலும் சாதாரணப் பெரும்பான்மையாலேயே தள்ளிவிடலாம். அந்தப் பெரும்பான்மையைவிட மிக அதிக இடங்கள் குடியரசுக் கட்சியிடம் உள்ளன. வருமான வரிக் குறைப்புச் சட்டத்தை அவர் 2022-இல் மறுத்தார், அது நிறைவேறியது. வேறு பல சட்டங்களுக்கும் அதே கதிதான். இத்தகைய ஆளுநரை மீண்டும் தேர்ந்தெடுப்பதால் நான்கு ஆண்டுகளில் என்ன சாதிக்க முடியும்?

லூயிவில்லிலிருந்து, வாக்குச்சாவடியில் பணியாற்றிய ஒருவர்

தேர்தல் நாளில் நான் இருந்த இடத்திலிருந்து கண்டதைச் சொல்கிறேன். இங்கே வாக்குச்சாவடி அலுவலர்களாக இரு கட்சிகளிலும் பதிவு செய்தவர்களைச் சேர்த்தே அமர்த்துகிறார்கள். காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை என்னோடு ஒரே மேசையில் இருந்தவர் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. அடையாள அட்டையைச் சரிபார்ப்பது, தாள் வாக்குச்சீட்டைக் கொடுப்பது, அது வருடிக்குள் (ஸ்கேனர்) ஒழுங்காகச் செல்கிறதா என்று கவனிப்பது என எல்லாவற்றையும் ஒருவரை ஒருவர் பார்க்கும்படிச் செய்தோம். தேர்தலை நம்பலாமா என்று எவரேனும் என்னிடம் கேட்டால் அந்த மேசையைத்தான் சொல்வேன்.

கென்டக்கி வாக்குச்சீட்டில் ஒரு கட்சியின் வேட்பாளர்கள் அனைவருக்கும் ஒரே குறியில் வாக்களிக்கும் வசதி உண்டு. அன்று அதைப் பற்றி விளக்கம் கேட்டவர்கள் பலர், ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனியே குறிக்கலாம் அல்லவா என்று உறுதி செய்துகொண்டார்கள். முடிவு வந்தபோது அதன் பொருள் எனக்குப் புரிந்தது. அட்டர்னி ஜெனரல், மாநிலச் செயலாளர், தணிக்கையாளர், கருவூலர், வேளாண் ஆணையர் ஆகிய ஐந்து பதவிகளையும் குடியரசுக் கட்சியே வென்றது, அதுவும் பெரும் வித்தியாசத்தில். ஆளுநர் பதவிக்கு மட்டும் பெஷியர். ஆகவே இதை ஒரு கட்சியின் வெற்றி என்று எழுதுவது தவறு. கீழே எல்லாம் குடியரசுக் கட்சிக்கே குறித்த லட்சக்கணக்கானோரில் ஒரு பகுதியினர் மேலே ஒரு மனிதரை மட்டும் தனியே எடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

என் பகுதிப் பெண்கள் அவரைத் தனியே எடுத்துப் பார்த்ததற்கு இன்னொரு காரணம் கருக்கலைப்புச் சட்டம். நாட்டின் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை நீக்கிய 2022 ஜூனுக்குப் பிறகு இம்மாநிலத்தில், பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்குக்கூட விலக்கு இல்லாத தடை நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில், கருக்கலைப்பு உரிமை இல்லை என்று அரசமைப்பிலேயே எழுதும் திருத்தத்தை வாக்காளர்கள் நிராகரித்திருந்தார்கள். சிறுமியாக இருந்தபோது வளர்ப்புத் தந்தையால் கருவுற்ற ஓர் இளம்பெண் 2023 செப்டம்பரில் பெஷியரின் விளம்பரத்தில் நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசினார். விலக்குகளைச் சட்டமன்றம் நிறைவேற்றினால் கையெழுத்திடுவேன் என்று கேமரனும் அம்மாதம் கூறினார். ஆனால் என் அண்டை வீட்டுப் பெண்கள் அந்தப் பெண்ணின் முகத்தைப் பற்றியே பேசினார்கள்.

பெர்ரி கவுண்டியின் மருத்துவர் மீண்டும்

ஜார்ஜ்டவுன் தம்பியின் கேள்விக்கு என் பதில் இது. சட்டம் இயற்றுவதில் அவர் கை கட்டப்பட்டிருப்பது உண்மைதான். பேரிடர் அறிவிப்பு, கூட்டரசின் உதவியை விரைந்து கேட்பது, மெடிக்கெய்ட் திட்டத்தை நாள்தோறும் நடத்துவது ஆகியவை நிர்வாகத்தின் வேலை. அவற்றின் பயனை என் நோயாளிகள் நேரடியாக உணர்கிறார்கள். பல் சிகிச்சை உதவிக்கும் சட்டமன்றத்தில் எதிர்ப்பு எழுந்தது, அரசு விடாமல் நின்றது. உங்கள் மகனின் படிப்பைப் பற்றிய வருத்தம் நியாயமானது. அந்த முடிவின் சுமையைக் குழந்தைகள் சுமந்தார்கள் என்பதை நானும் ஏற்கிறேன்.

தொடர்ந்து இரு முறைக்கு மேல் ஆளுநராக இருக்க இம்மாநில அரசமைப்பு இடந்தருவதில்லை என்பதால் 2027-இல் இருவேறு புதிய வேட்பாளர்கள் நம் முன் நிற்பார்கள். மலைப்பகுதிக்கு வருகிறவர் எக்கட்சியாக இருந்தாலும், மெடிக்கெய்ட்டில் வேலை விதியை வைப்பீர்களா, பல் சிகிச்சையைத் தொடர்வீர்களா, மேட்டு நிலத்தில் மீதி வீடுகளை எப்போது முடிப்பீர்கள் என்ற மூன்றையும் நேரில் கேட்க இங்குள்ள மருத்துவர்கள் சிலர் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம்.